பால் பட்ட கை

மாம்பழம் சூடு என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கட்டி வந்தாலும் சூடு, வாயோரம் வெந்தாலும் சூடு, கழுத்தில் பொரிப்பொரியாய்க் கிளம்பினாலும் சூடு. அதற்குப் பரிகாரமாக அப்பத்தா பழங்களை அண்டாத் தண்ணீரில் போட்டு வைப்பாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, காம்புப் பக்கம் ஒரு சில்லு சீவி எறிந்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பாள். "சூடு எறங்கட்டும், பொறுங்கடி" என்பாள். அந்தத் தேய்ப்பில் போனது சூடு இல்லை, பால். காம்பில் வடிந்து தோலில் காய்ந்து ஒட்டியிருந்த மாங்காய்ப் பால். அவள் செய்தது அத்தனையும் சரி. சொன்ன காரணம் மட்டும் வேறு.

அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகிற சாலையில் சற்று உள்ளே தள்ளி எங்கள் ஊர். மலையடிவாரச் செம்மண். நத்தம், பாலமேடு, அலங்காநல்லூர், வாடிப்பட்டி என்று சுற்றிலும் மாந்தோப்புகள்தான். கல்லாமை, காசா, செந்தூரம் எல்லாம் உண்டு. அப்பாவுக்குச் சொந்தத் தோப்பு இல்லை. பூப்பிடிக்கிற நேரத்திலேயே தோப்பைச் சுற்றிவந்து, மரத்தைக் கண்ணால் மதித்து, ஒரு பருவத்துக்குக் குத்தகை பேசுவார். அழகர் கண்டாங்கி கட்டிக்கொண்டு மதுரைக்குப் புறப்படுகிற சித்திரை மாதத்தில் பறிப்பு மும்முரமாகிவிடும். திருவிழா பார்க்கப் போக முடியாத கோபத்தோடு நாங்கள் சாக்கு விரித்துக் காய் அடுக்கிக்கொண்டிருப்போம்.

மாங்காய்ப் பாலைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர்தான் பால். வெள்ளையாக இருக்காது, லேசாகக் கலங்கிய தண்ணீர் நிறம். காம்பு ஒடிந்த கணத்தில் பீச்சி அடிக்கும், அதிலும் விடிகாலையில் பறித்தால் வேகம் கூடுதல். டர்பன்டைன் நெடி வரும். தோலில் பட்ட இடம் காந்தும். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, மறுநாள் கறுத்துப் பொருக்குத் தட்டும். தொரட்டிக் கம்பை உயர்த்திக்கொண்டு அண்ணாந்து நிற்கிறவருக்குத்தான் முதல் அடி: கண்ணிமை, கன்னம், கழுத்தோரம். மரத்தில் ஏறிப் பறிக்கிறவருக்கு முழங்கையின் உள்பக்கமும் தொடையும். தோப்பில் ஆறு பேர் வேலை செய்தால் சாயங்காலம் யார் என்ன வேலை பார்த்தார் என்பதைக் கறையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் தோப்பில் யாரும் தோலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் பழத்தின் தோலைப் பற்றித்தான். பால் வழிந்த காய் பழுக்கும்போது அந்தத் தடத்தில் கறுத்துவிடும். சிம்மக்கல் கமிஷன் கடையில் அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்து பார்த்ததுமே விலையை இறக்கிவிடுவார்கள். அதனால் காயை ஒரு விரல் நீளக் காம்போடு பறிக்க வேண்டும், நிழலுக்குக் கொண்டுவந்து காம்பை நறுக்க வேண்டும், உடனே தலைகீழாகச் சாக்கில் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும், பிறகு துணியால் ஒற்ற வேண்டும். "ஏத்தா, கறை படாமப் பாத்துக்க" என்று அப்பா நொடிக்கொரு தரம் சொல்வது காயைப் பற்றி. காயைத் துடைத்த அதே துணியால்தான் நாங்கள் கையையும் துடைத்துக்கொண்டோம். அந்தத் துணியில் இருந்த பால் எங்கே போயிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

முதல் சில வருடங்கள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்ட இடம் காந்தும், ஆறும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக் கோடையில்தான் அது வேறு மாதிரி வந்தது. பறிப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து, பால் படவே படாத இடத்தில், கண் வீங்கி, உதடு தடித்து, முன்கை முழுக்க நீர்க் கொப்புளம். ராத்திரி அரிப்புத் தாங்காமல் கயிற்றுக் கட்டில் சட்டத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கி என்றார்கள். காவிக் கல்லை உரசி எழுதினார்கள். வேப்பிலை அரைத்துப் போட்டார்கள். என்னோடு அதே சாக்கில் உட்கார்ந்து காய் அடுக்கிய தம்பிக்கு ஒன்றுமே இல்லை. "அவளுக்குப் பித்த உடம்பு" என்று முடித்தாள் அப்பத்தா.

மதுரையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போனபோது ஒரு தோல் டாக்டர் இதைச் சொல்லித் தந்தார். பாலில் உள்ள எண்ணெய்ப் பொருள் தோலுக்குள் ஊறி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடம்பின் காவல் அணுக்கள், முதல் சந்திப்பிலேயே ஆளின் முகத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் பழைய காலத்து ஏட்டய்யா மாதிரி, அதை அடையாளம் எழுதி வைத்துக்கொள்கின்றன. முதல் தடவை எதுவும் நடக்காது. மறுபடி வரும்போதுதான் பாய்கின்றன, அதுவும் ஆற அமர, ஒன்றிரண்டு நாள் கழித்து. இந்த இரண்டு நாள் இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். தேள் கொட்டினால் தேள் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை பறித்த காய்க்கு வியாழக்கிழமை கண் வீங்கினால் யார் மாமரத்தைச் சந்தேகிப்பார்கள்? அன்றைக்குத் தின்ற கருவாட்டைத்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் வருவதும் இல்லை; சிறு வயது முதலே மாங்காயும் மாவடுவுமாகத் தின்று வளர்ந்தவர்களின் உடம்பு பழகிவிடுகிறது என்று கருதும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தம்பி அந்த ரகமோ என்னவோ. கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று என்னைத் தனித் தட்டில் சாப்பிட வைத்தது மட்டும் அநியாயம். அந்த நீரில் மரத்தின் பால் இல்லை. அது யாருக்கும் தொற்றாது.

அந்த டாக்டரிடம் நான் போனது எனக்காக இல்லை, மாமாவுக்குத் துணையாக. அத்தை வீடு செல்லூரில், வைகைக்கு இப்பால். ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களில் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் வெளுக்கிறவர்களின் கல் வரிசையாக இருக்கும். மணலில் வெள்ளை வேட்டிகள் காயும். எங்கள் தெருவுக்கு வெளுத்துப் போட்ட பெரியவர் புதுத் துணி வந்தால் திண்ணையிலேயே குறி வைத்துக்கொண்டு போவார். நான் பக்கத்தில் குந்திப் பார்த்திருக்கிறேன். மடியிலிருந்து ஒரு சேராங்கொட்டையை எடுப்பார். கறுப்பு, வழவழப்பு, ஒரு பக்கம் கூம்பி இருக்கும். கோணி ஊசியால் குத்தினால் உள்ளிருந்து கெட்டியான பழுப்புச் சாறு ஊசி முனையில் ஏறும். சட்டையைத் திருப்பி, காலருக்கு உள்பக்கம் மூன்று புள்ளி, ஒரு கோடு. மேலே ஈரச் சுண்ணாம்பை விரலால் ஒரு இழுப்பு. கண் முன்னாலேயே கறுக்கும். அதற்குப் பிறகு உவர்மண்ணில் ஊறினாலும் வெள்ளாவியில் வெந்தாலும் கல்லில் நூறு தடவை அடித்தாலும் அது போகாது. துணி கிழிந்து கந்தலான பிறகும் குறி நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் இருநூறு வீட்டுத் துணியைக் குழப்பமில்லாமல் திருப்பித் தந்தது அந்தப் புள்ளிகளால்தான்.

மாமா ஒரு மில்லில் குமாஸ்தா. தினமும் சலவைச் சட்டை. அவருக்குப் பிடரியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடித்து, நீர் கோத்து, ஆறி, மறுபடி கிளம்பிக்கொண்டே இருந்தது. அவர் முடி வெட்டுகிறவரின் கத்தியைச் சந்தேகித்தார். சலூனை மாற்றினார். அடுத்ததையும் மாற்றினார். கடைசியில் டாக்டரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் கழுத்தைப் பார்த்த வேகத்தில் சட்டையைக் கழற்றச் சொன்னார். காலரைத் திருப்பினார். புள்ளி இருந்த இடமும் புண் இருந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தின. பிறகு என் முன்கைத் தழும்புகளைக் காட்டி எது பட்டது என்று கேட்டார். மாங்காய் என்றேன். "ரெண்டும் ஒரே குடும்பம்மா" என்றார். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் பங்காளிகள் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாமாவின் கழுத்து ஒன்றும் தனி அதிசயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இதே இடத்தில், இதே அளவில் புண் வந்தது. அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் துப்புத் துலக்கி, சலவைக் குறியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்; 1943-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. சிப்பாய்களுக்கு அவ்வளவு எளிதாகப் பொரிந்ததற்குக் காரணமும் இருந்தது. அவர்கள் ஊர்க் காட்டில் மூன்று இலைக் கொடி ஒன்று படர்கிறது. அதுவும் இந்தக் குடும்பம்தான். பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களுக்கு அந்தக் கொடி பட்டால் ஆகாது. சின்ன வயதில் அதில் உரசி வளர்ந்த உடம்பு, பார்த்தே இராத சேராங்கொட்டையை இங்கே வந்து அடையாளம் கண்டுகொண்டது. எண்ணெய் ஏறக்குறைய ஒன்று என்பதால் உடம்பு ஏமாறுகிறது. ஜப்பானில் மரச்சாமானுக்குப் பூசும் அரக்கும் இதே குடும்பத்து மரத்தின் பால். அதில் உள்ள உருஷியால் என்ற பொருளின் அமைப்பை ரிக்கோ மஜிமா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1922-ல் கண்டு சொன்னார்.

இதற்கு நேர்மாறான கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. தம்பி மகன் நியூஜெர்சியில் வீடு வாங்கி, கோடையில் வேலியோரச் செடிகளைப் பிடுங்கியிருக்கிறான். கை, கால், முகம் எல்லாம் கொப்புளம். சரியாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், பிறந்தது முதல் தின்ற கல்லாமையைத் தோலோடு கடித்து உறிஞ்சினான்; மூன்றாம் நாள் உதடு வீங்கி நின்றான். "அமெரிக்காவுல போயி மாம்பழமே ஆகாமப் போச்சு இவனுக்கு" என்று ஊரே பேசியது. பழத்தின் சதை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை, தோலையும் காம்பையும் தள்ளிவிட்டுச் சாப்பிடு என்றேன். இப்போது அறுத்துக் கரண்டியால் தின்கிறான். மதுரைக்காரனுக்கு அது ஒரு தண்டனைதான்.

சேராங்கொட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய், இடிவல்லாதி மெழுகு என்று பெயர் பெற்ற மருந்துகள் இதை வைத்துத்தான். சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். கொட்டையின் மூக்கை வெட்டுவதிலிருந்து அதற்கு ஒரு முறை இருக்கிறது. வைத்தியருக்குத் தெரிந்த அந்த எச்சரிக்கை, பக்கத்து வீட்டு யோசனையில் காணாமல் போய்விடும். எங்கள் தெருவில் ஒருத்தி பித்த வெடிப்புக்குச் சேராங்கொட்டையை விளக்கில் சுட்டு, வடிந்த எண்ணெயைக் குதிகாலில் நேராக வைத்துக்கொண்டாள். வெடிப்பு மறைந்ததா தெரியவில்லை. கணுக்கால்வரை தோல் உரிந்து, பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு வந்தாள்.

இந்தக் குடும்பத்தில் எல்லாருமே பொல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாயசத்தில் போடுகிற சாரப்பருப்பும் பிஸ்தாவும் உறவுதான். எங்கள் ஊர் வேலிகளில் போத்து நட்டு வளர்க்கிற ஒதியமரமும் உறவு. ஒதி பெருத்தாலும் உத்தரமாகாது என்று ஊர் அதைக் கேலி பேசும். எங்கள் கையை அது புண்ணாக்கியதில்லை, அந்த மட்டில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

முந்திரியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். என் பெரியம்மா மகளைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்கு நான் முதலில் போனபோது கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையை ஆவியில் அவித்து ஆறவைத்து, கையாலும் காலாலும் இயக்குகிற வெட்டு மெஷினில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பிளக்க வேண்டும். ஓட்டின் இரண்டு அடுக்குக்கு நடுவில் எண்ணெய் இருக்கிறது, ஓட்டின் எடையில் கால் பங்கு அளவுக்கு. பிரேக் கட்டைக்கும் பெயிண்டுக்கும் போகிற சரக்கு அது, படகுக்கும் பூசுவார்கள். அதுதான் இவர்கள் விரலில் வடிகிறது. அக்காவின் பத்து விரலும் நகக்கண் வரை கறுத்து, நுனித்தோல் உரிந்து, உள்ளே ரோஸ் நிறம் தெரிந்தது. சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டார்கள். சிலர் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மாவடு போடும்போது விளக்கெண்ணெய் விட்டுப் பிசறுவது எனக்கு நினைவு வந்தது. வடு சுருங்கக் கூடாது என்று செய்வது, பிசறுகிறவளின் கைக்கும் ஒரு காப்பாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கொட்டகையில் ரப்பர் கையுறை இல்லாமல் இல்லை. சுவரில் ஆணியில் தொங்கியது. "அதப் போட்டா பருப்பு ஒடையுதும்மா" என்றாள் அக்கா. முந்திரியில் முழுப் பருப்புக்குத்தான் விலை. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும். டபிள்யூ 240 அதைவிடப் பெரிசு, அதைவிட விலை. உடைந்தது துண்டு, துண்டுக்குத் துண்டு விலை. கையுறை போட்டால் கொட்டையின் பிடி விரலுக்குத் தெரியாது, வேகமும் குறையும். கூலியோ கிலோ கணக்கு. போடாதே என்று யாரும் சொல்வதில்லை. கூலிக் கணக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிறுவர் பேஸ்பால் குழுவுக்கு நிதி திரட்ட முந்திரிப் பொட்டலம் விற்றார்கள். பருப்போடு ஓட்டுத் துண்டுகள் கலந்துவிட்டதால் 54 பேருக்கு உடம்பெல்லாம் அரித்துத் தடித்தது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் விசாரித்து, மறு வருடம் தன் வார அறிக்கையில் வெளியிட்டது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அக்காவின் கொட்டகையில் யாருடைய கையையும் எண்ணி எழுதிக்கொண்டுபோக எவரும் வந்ததில்லை.

தானே புயல் 2011 டிசம்பரில் அந்தப் பக்கத்து முந்திரிக் காடுகளைச் சாய்த்துப் போட்டது. மரம் போனாலும் உடைக்கிற வேலை நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டையை உடைத்தார்கள். எண்ணெய்க்கு ஊர் வித்தியாசம் கிடையாது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் மெஷின் வந்தபிறகு அக்காவுக்குப் புதுத் தொல்லை. கட்டை விரலை வைத்தால் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. ரேகை இருந்தால்தானே? வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அவள் சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்ததை நான் கூட நின்று பார்த்தேன். அன்றைக்கு அரிசி இல்லாமல் திரும்பி, மறுநாள் மகனை அழைத்துப்போய் வாங்கினாள்.

இப்போது கையில் பொரிந்தால் மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தேய்த்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு அட்டவணை ஹெச் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையாகப் போட்டால் மாங்காய்ப் புண்ணுக்கு அதுதான் மருந்து. படர்தாமரையை இதென்று நினைத்துப் போட்டால் அது இன்னும் பரவும். அரிப்பு மாத்திரைக்குத் தூக்கம் வரும், கொப்புளம் அடங்காது. முகம் வீங்கினால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

குத்தகைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பறிப்பு நாளில் மரத்தடியில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்புக் கட்டியும் வையுங்கள். பால் பட்ட கையை எவ்வளவு வெரசாகக் கழுவுகிறார்களோ அவ்வளவுக்குப் புண் குறையும். தொரட்டி பிடிக்கிறவருக்கு முழுக்கைச் சட்டை ஒன்று கொடுங்கள், காய் துடைக்கும் துணியால் கை துடைக்க விடாதீர்கள். முந்திரிக் கொட்டகை வைத்திருப்பவர்கள் கையுறை வாங்கினால் மட்டும் போதாது. அதைப் போட்டுக்கொண்டு உடைத்தால் எத்தனை கிலோ குறைகிறது என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்குக் கூலியை ஏற்றிக் கொடுங்கள். கூலி ஏறாவிட்டால் கையுறை ஆணியில்தான் தொங்கும்.